நாச்செஸ் நகரின் பழைய வீடுகள்



ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே, மிசிசிப்பி மாநதியின் கிழக்குக் கரையில், நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 அடி உயர்ந்து நிற்கும் மண்மேடொன்றின் மீது நாச்செஸ் என்னும் சிறிய நகரம் அமைந்துள்ளது. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் பதினையாயிரம் பேருக்கும் குறைவே. பெரிய ஆலைகளோ பெருந்துறைமுகமோ அங்கில்லை. இருந்தும், அமெரிக்கக் கட்டிடக்கலையைப் பற்றி எழுதுவோர் எவரும் இச்சிற்றூரைக் குறிப்பிடாது செல்வதில்லை. உள்நாட்டுப் போருக்கு முந்திய காலத்து மாளிகைகள் இத்துணை நெருக்கமாக, இத்துணை பழுதின்றி நிற்கும் ஊர்கள் மிகச் சிலவே.

நான் அந்நகரை நேரிற் கண்டவனல்லன். நூல்களாலும் படங்களாலும் அறிந்தவன். ஆயினும் ஒரு வீட்டின் தூண்களை வியந்து பார்ப்பவனுக்கு அதன் செங்கல்லைச் சுட்டவன் யார் என்ற கேள்வி எழுதல் இயல்பு. அக்கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டே இன்று இவ்வூரின் தெருக்களிலே நடந்து பார்ப்போம்.

ஊரின் பெயர் அங்கு முன்னர் வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயராகும். நாச்செஸ் மக்கள் சூரியனை வழிபட்டவர்கள். தம் அரசனைப் பெருஞ்சூரியன் என அழைத்தவர்கள். மண்ணைக் குவித்து மேடை எழுப்பி அதன்மேல் அரசன் மனையும் கோயிலும் அமைத்தவர்கள். 1716ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக்காரர் ஆற்றோர மேட்டில் றோசலி என்ற கோட்டையைக் கட்டினர். நில ஆசை வளர்ந்தது; பூசல் முற்றியது. 1729 நவம்பரில் நாச்செஸ் மக்கள் எழுந்து இருநூறுக்கு மேற்பட்ட பிரெஞ்சுக்காரரைக் கொன்றனர். பிரெஞ்சுப் படை பழிவாங்கியது. பிடிபட்டோர் 1731இல் கரீபியக் கடலிலுள்ள சென்-டொமிங் தீவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் வேறு குலங்களோடு கலந்தனர். இன்று நகரெல்லைக்குள்ளே அவர்களுடைய மண்மேடைகள் புல்மூடிக் காணப்படுகின்றன. ஊரின் மிகப் பழைய கட்டிடம் எது என வினவினால், விடை அம்மண்மேடைகளே என்பது என் கருத்து.

பின்னர் 1763இல் ஆங்கிலேயரும், 1779இல் ஸ்பானியரும், 1798இல் அமெரிக்கரும் இவ்வூரை ஆண்டனர். இன்றைய நேர்கோட்டுத் தெருக்களை வகுத்தவர் ஸ்பானியரே. ஆற்றைப் பார்த்த மேட்டு விளிம்பை எவரும் வீடு கட்டாத பொதுவெளியாக விட்டுவைத்த நற்செயலும் அவர்களுடையதே. மேட்டின் அடியிலே படகுத்துறை. அங்கே மதுக்கடைகளும் சூதாட்ட விடுதிகளும் மலிந்திருந்தன. மேலே கனவான்கள், கீழே படகுக்காரர் என ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கீழ்த்தெருக்களிற் பெரும்பகுதியை ஆறு அரித்துச் சென்றுவிட்டது. ஒரேயொரு தெருவே மிச்சம்.

மாளிகைகளின் வரிசையைத் தொடக்கி வைத்தது ஓபர்ன் என்னும் வீடு. 1812ஆம் ஆண்டில் லைமன் ஹார்டிங் என்ற சட்டத்தரணிக்காக லீவை வீக்ஸ் என்பவர் அமைத்தார். இரண்டு மாடி உயரமுள்ள தூண்கள் தாங்கும் முகப்பும், சுவரிற் சாயாமல் தானே சுழன்றேறும் படிக்கட்டும் இதன் சிறப்பு. வீக்ஸ் எதற்காக இத்துணை தொலைவிலுள்ள எல்லைப்புற ஊருக்கு வந்தார் என்பது ஒரு தனிக் கதை. நியூயோர்க்கில் தச்சராயிருந்த அவர்மீது, எல்மா சாண்ட்ஸ் என்ற இளம்பெண்ணைக் கொன்று கிணற்றிலிட்டதாக 1800இல் வழக்குத் தொடரப்பட்டது. அவருக்காக வாதாடியவர்கள் அலெக்சாண்டர் ஹமில்டனும் ஏரன் பேரும் ஆவர். பின்னொரு நாளிற் கைத்துப்பாக்கிப் போரில் ஒருவரையொருவர் சந்தித்த அதே இருவர்தாம்! வீக்ஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. ஆனால் ஊரார் தீர்ப்பு வேறாயிருந்தமையால் அவர் நியூயோர்க்கிலே தங்க முடியவில்லை. அலைந்து திரிந்து கடைசியில் நாச்செஸுக்கு வந்து சேர்ந்தார். அவர் வகுத்த முகப்பைப் பின்பற்றியே பின்வந்தோர் தத்தம் இல்லங்களைக் கட்டினர்.

அவ்வில்லங்களுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? பருத்தியிலிருந்து வந்தது. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் பொறி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பரவிய பின், ஆற்றோரத்து வண்டல் நிலம் பொன் விளையும் நிலமாயிற்று. நீராவிப் படகுகள் பருத்திப் பொதிகளை நியூ ஓர்லியன்ஸுக்கு ஏற்றிச் சென்றன. அங்கிருந்து கப்பல்கள் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு எடுத்துச் சென்றன. தோட்டங்களிற் பல ஆற்றுக்கு அப்பால் லூசியானாவின் தாழ்நிலத்திலே இருந்தன. அங்கே வெள்ளமும் காய்ச்சலும் அதிகம். ஆகவே தோட்டக்காரர் உழைப்பை அங்கே விட்டு, உறைவிடத்தை இங்கே மேட்டின்மேல் அமைத்துக்கொண்டனர். இதனாலேயே நாச்செஸின் பெருமனைகளைச் சுற்றிப் பருத்தி வயல்கள் காணப்படுவதில்லை. மரச்சோலைகளும் பூந்தோட்டங்களுமே காணப்படுகின்றன. செல்வம் விளைந்த இடம் விருந்தினர் கண்ணிற் படாதபடி ஆறு நடுவே ஓடியது.

இச்செல்வர்களை அந்நாளில் 'நேபொப்' என்று அழைத்தனர். அச்சொல் நம் பக்கத்தது. இந்தியாவிலே பொருள் திரட்டி இங்கிலாந்துக்கு மீண்ட கொம்பனி உத்தியோகத்தரை நவாப் என்ற சொல்லைத் திரித்து ஆங்கிலேயர் ஏளனமாக அழைத்த பெயரே கடல் கடந்து மிசிசிப்பிக் கரைக்கும் போயிற்று. அமெரிக்காவின் கோடீசுவரர்களிற் பாதிப் பேர் அன்று நாச்செஸில் வாழ்ந்தனர் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. வரலாற்றாசிரியர் அக்கூற்றை ஐயத்தோடேயே நோக்குவர். உறுதியான கணக்கு வேறொன்று உண்டு. 1860இல் நாச்செஸ் அடங்கிய அடம்ஸ் மாவட்டத்தில் வாழ்ந்த பத்துப் பேரில் ஏழு பேர் அடிமைகள்.

நம் பக்கத்துப் பொருள் இன்னொன்றும் அங்கே உண்டு. மெல்றோஸ் என்னும் மாளிகை 1840களிலே ஜோன் மக்மறன் என்ற சட்டத்தரணியாற் கட்டப்பட்டது. அதன் உணவு மண்டபத்திலே மேசைக்கு நேர்மேலே, கருங்காலி போன்று மெருகேறிய மரத்தாற் செய்த பெரிய பங்கா தொங்குகிறது. வெள்ளைக்காரர் காலத்துக் கச்சேரிகளிலும் துரைமார் பங்களாக்களிலும் நம் முன்னோர் கண்ட அதே பங்காதான், பெயரும் அதுவே. அங்கே கயிற்றை இழுத்தவர்கள் அடிமைச் சிறுவர். விருந்தினர் பேசிச் சிரித்து உண்டு முடியுமட்டும், மூலையில் நின்று, முகத்தில் எவ்விதக் குறிப்பும் காட்டாமல் இழுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். மெல்றோஸின் பின்விறாந்தையில் வரிசையாகத் தொங்கும் மணிகளும் இன்றும் உள்ளன. ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வோர் ஓசை. எந்த ஓசை எந்த அறையிலிருந்து வருகிறது என்பதைப் பணியாளர் செவியாலேயே அறிந்து ஓடவேண்டும். வீட்டின் பின்னே குசினிக் கட்டிடமும் அடிமைகளின் குடியிருப்பும் நிற்கின்றன. 1990ஆம் ஆண்டில் இம்மனை தேசியப் பூங்காத் திணைக்களத்தின் கைக்கு வந்தது. எசமானர் மண்டபத்தோடு அடிமையின் அறையையும் ஒருங்கே பார்க்கக் கிடைப்பதால், நாச்செஸில் ஒரேயொரு வீட்டையே பார்க்க நேரமுண்டு என்பவருக்கு நான் இதனையே சொல்வேன்.

நாற்புறமும் தூண்கள் சூழ 1856இல் எழுந்த டன்லீத் மாளிகையின் கதை பங்காவோடு ஒத்தது. டேவிஸ் குடும்பத்தினர் அங்கே வாழ்ந்த காலத்தில், உண்போருக்கு அருகே நின்று விசிறும் பணி ஜோன் லிஞ்ச் என்னும் அடிமைச் சிறுவனுக்கு இடப்பட்டிருந்தது. சிறுவன் கூறிய மறுமொழி ஒன்று எசமானிக்குப் பிடிக்காமற் போகவே, ஆற்றுக்கப்பாலுள்ள தோட்டத்துக்கு அனுப்பப்பட்டான். 1863இல் வடபுலப் படை வந்தபோது விடுதலை பெற்றான். நகரிலே புகைப்படக் கடையொன்றில் வேலை செய்துகொண்டே தானாகக் கற்றுக்கொண்டான். 1872ஆம் ஆண்டில், தன் இருபத்து நான்காம் வயதில், மிசிசிப்பி மாநிலச் சட்டசபையின் சபாநாயகரானான். இனி 'ஆனார்' என்பதே பொருந்தும். அடுத்த ஆண்டே அவர் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபைக்கும் சென்றார். டன்லீத்தின் வெண்ணிறத் தூண்களைப் படம் பிடிப்போருள் எத்தனை பேர் இதனை அறிவரோ!

இனி, தூண்களே இல்லாத ஒரு வீட்டுக்கு வருவோம். ஸ்டேட் தெருவிலே வில்லியம் ஜோன்சனின் மூன்று மாடிச் செங்கல் வீடு உள்ளது. 1809இல் அடிமையாகப் பிறந்த ஜோன்சன், பதினொரு வயதில், 1820இல், விடுவிக்கப்பட்டார். விடுவித்த வெள்ளையரின் பெயரும் வில்லியம் ஜோன்சன் என்பதே. அவரே தந்தையாராதல் வேண்டும் எனக் கருதுவர். சிறுவர் ஜோன்சன் சிகை வெட்டும் தொழிலைக் கற்று, கடைகள் வைத்து, பொருளீட்டி, வெள்ளையருக்கே கடன் கொடுக்குமளவுக்கு உயர்ந்தார். 1840ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி நாச்செஸைக் கடுஞ்சூறாவளி தாக்கியது. உயிரிழந்தோர் தொகை 317 எனக் கணக்கிட்டனர். பெரும்பாலோர் ஆற்றிலே படகுகளில் இருந்தவர்கள். அச்சூறாவளி இடித்த கட்டிடங்களின் செங்கற்களைக் கொண்டு மறு ஆண்டில் ஜோன்சன் கட்டியதே இவ்வீடு. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு, மேலே குடும்பத்தோடு வாழ்ந்தார்.

ஜோன்சன் 1835 முதல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். குதிரைப் பந்தயம், கடன் வரவு, தெருச் சண்டை, தேர்தல், மழை, மீன்பிடி என யாவும் அதில் உள. 1841இல் சுதந்திரமான கறுப்பு மக்களை மாநிலத்தை விட்டே துரத்த அதிகாரிகள் முனைந்தபோது, வெள்ளையரின் கையொப்பம் வேண்டி வீடு வீடாக ஏறி இறங்கியோரின் துயரும் அதில் உண்டு. ஒன்றை மறைக்கலாகாது: ஜோன்சனும் அடிமைகளை உடையவராயிருந்தார். அடிமையாய்ப் பிறந்தவன் அடிமையை வாங்குவதா எனச் சினப்பது எளிது. அச்சமூகத்தில் மனிதனுக்கு மதிப்பு எதனால் அளக்கப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டநூலும் காட்டாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1851 யூன் மாதத்தில், நில எல்லைத் தகராறொன்றின் காரணமாக பெய்லர் வின் என்பவர் ஜோன்சனைச் சுட்டார். சாகுமுன் ஜோன்சன் கொலையாளியின் பெயரைக் கூறினார். கண்ணாற் கண்ட சாட்சிகளும் இருந்தனர். ஆனால் அவர்கள் கறுப்பர். கறுப்பர் வெள்ளையருக்கெதிராகச் சாட்சி கூறச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. வின் கலப்பினத்தவர் என்று ஊர் நம்பியது. அவரோ தம்மைச் செவ்விந்திய மரபு கலந்த வெள்ளையர் என்று வாதிட்டார். ஆகவே கொலை வழக்கு, ஒருவன் எந்த இனத்தவன் என்ற வழக்காக மாறியது. இருமுறை விசாரணை நடந்தும் யூரிகள் முடிவுக்கு வரவில்லை. வின் விடுதலையானார். ஜோன்சனின் நாட்குறிப்பு மேன்மாடத்திலே குடும்பத்தாராற் பல தலைமுறை பேணப்பட்டு, 1951இல் நூலாக வெளிவந்தது. அவருடைய வீடு 2005 முதற் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது.

மீண்டும் செல்வரின் உலகுக்குச் செல்வோம். அயர்லாந்திலிருந்து வந்து பருத்தித் தரகராற் பெரும்பொருள் ஈட்டிய பிரெட்றிக் ஸ்டான்டன், நகரின் நடுவிலே ஒரு முழுத் தெருச் சதுக்கத்தையும் அடைத்து மாளிகை எழுப்பினார். அது 1857இல் முடிந்தது. பிறந்த மண்ணை நினைந்து அதற்குப் பெல்பாஸ்ட் எனப் பெயரிட்டார். ஈராண்டு தானும் அதில் நிறைவாக வாழவில்லை; 1859இல் காலமானார். இன்று அது ஸ்டான்டன் மாளிகை எனப்படுகிறது.

அதனினும் விசித்திரமானது லோங்வூட். ஹாலர் நட் என்பவர் பருத்திச் செல்வர். அவருடைய தந்தையார் ரஷ் நட், பறிப்பதற்கு எளிதான பருத்தி இனமொன்றைப் பரப்பிப் புகழ்பெற்றவர். பிலடெல்பியாவின் சாமுவெல் ஸ்லோன் வரைந்த திட்டப்படி, எட்டு மூலைகளும் 32 அறைகளும் உச்சியிலே கீழைத்தேயப் பாணியில் வெங்காய வடிவான குவிமாடமும் கொண்ட அரண்மனையை அவர் 1860இல் தொடங்கினார். வெளிச்சுவர் எழுந்தது, குவிமாடமும் ஏறிற்று. 1861இல் வடக்கும் தெற்கும் போர் தொடுத்தன. பிலடெல்பியாவிலிருந்து வந்த தச்சரும் கொத்தரும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு ஊருக்குத் திரும்பினர். அடிமைகளின் உழைப்பைக்கொண்டு நிலத்தளத்தின் ஒன்பது அறைகள் மட்டும் முடிக்கப்பட்டன. நட் பிரிவினையை விரும்பாதவர். ஐக்கியத்தின் பக்கம் நின்றவர். ஆயினும் அவர் பருத்தியை இருதரப்புப் படையும் அழித்தன. 1864இல் சளிக்காய்ச்சல் கண்டு இறந்தார். மனைவி ஜூலியா, பிள்ளைகளோடு அந்த ஒன்பது அறைகளிலேயே, இழப்பீடு கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போட்டபடி, 1897 வரை வாழ்ந்தார். மேல்மாடிகள் இன்றும் அப்படியே உள்ளன: பூச்சில்லாத செங்கற் சுவர், திறந்த விட்டங்கள், வேலையாட்கள் விட்டுச்சென்ற பொருட்கள்.

போர் அழிக்காமல் இவ்வூர் எங்ஙனம் தப்பியது? 1862 மே மாதத்தில் வடபுலக் கப்பற்படை வந்தபோது நகரம் எதிர்க்காமற் பணிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு போர்ப்படகு குண்டு பொழிந்ததிற் சிறுமியொருத்தி இறந்தாள். நகருக்குள் நேர்ந்த போர்ச்சாவு அவ்வளவே. 1863 யூலையிற் படை உட்புகுந்து, 1823இல் கட்டப்பட்ட றோசலி மாளிகையைத் தலைமையகமாக்கியது. பின்னர் வந்த வறுமையோ இன்னொரு வகையிற் காவல் செய்தது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட எவரிடமும் பணமிருக்கவில்லை.

1931இன் வசந்தத்திலே உறைபனி விழுந்து பூந்தோட்டங்கள் கருகின. தோட்டம் பார்க்க வந்தோருக்குக் காட்ட வேறொன்றுமின்மையால், இல்லத்தரசிகள் வீட்டுக் கதவுகளைத் திறந்து உள்ளே அழைத்தனர். மறு ஆண்டு, 1932இல், கட்டணத்தோடு வீடு காட்டும் விழாவாக அது நிலைபெற்றது. 'யாத்திரை' என்றே பெயரிட்டனர். பழங்காலத்து விரிபாவாடை அணிந்த மங்கையர் வாயிலில் நின்று வரவேற்றனர். அவ்வருவாயினாலேயே கூரைகள் செப்பனிடப்பட்டன என்பதை நன்றியோடு கூறவேண்டும். ஆனால் அவர்கள் சொன்ன கதையில் வீட்டைக் கட்டியவருக்கும் சமைத்தவருக்கும் நெடுங்காலம் இடமிருக்கவில்லை. அண்மைக் காலத்திலேதான் அவ்விழாவின் மேடைக்காட்சிகளிலும் அடிமைகளின் வரலாறு சேர்க்கப்பட்டது.

நகரின் நடுவிலிருந்து கிழக்கே செல்லும் சென் கதரின் தெருவில் மாளிகைகள் இல்லை. அதன் தொடக்கத்தருகே, இலக்கம் 5இல், தகரத்தால் வேய்ந்த றிதம் கழகம் என்னும் நடனமண்டபம் இருந்தது. 1940 ஏப்பிரல் 23ஆந் திகதி இரவு, வால்டர் பாண்ஸின் இசைக்குழு வாசிப்பதைக் கேட்க ஊரின் கறுப்பு இளைஞர் திரண்டிருந்தனர். கூரையிலே அலங்காரமாகத் தொங்கவிட்ட உலர்ந்த மரப்பாசியில், பூச்சிகளைக் கொல்ல எண்ணெய் மருந்து தெளிக்கப்பட்டிருந்தது. சீட்டு வாங்காதோர் நுழையாதிருக்க யன்னல்களிற் பலகை அறையப்பட்டிருந்தது. வாசல் ஒன்றே, அதுவும் உட்புறமாகத் திறப்பது. தீப் பற்றியதும் 209 பேர் மாண்டனர். பாண்ஸும் அவர்களுள் ஒருவர். ஆற்றைப் பார்த்த மேட்டுவெளியில் அவர்களுக்கு நினைவுக்கல் உண்டு. கழகம் இருந்த இடத்திலே 2010இல் சிறிய நூதனசாலையொன்று திறக்கப்பட்டது.

நகர மண்டபத்துக்கும் இத்தகைய கதை உண்டு. 1965 ஒக்டோபரில் வாக்குரிமையும் சமவுரிமையும் கேட்டு ஊர்வலம் சென்றோரைக் கைதுசெய்து, சிறையில் இடமின்மையால், இம்மண்டபத்திலே அடைத்தனர். அவர்களுள் ஏறத்தாழ 150 பேரைப் பேருந்துகளில் ஏற்றிப் பாச்மன் மாநிலச் சிறைச்சாலைக்கு அனுப்பி, ஆடை களைந்து இழிவு செய்தனர். நகரசபை 2015இல் மன்னிப்புக் கேட்டது. 2019இல் மண்டபத்தின் அருகே அவர்தம் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் நாட்டப்பட்டது.

சென் கதரின் தெருவின் கிழக்கு முனையில் பாதைகள் கூடுமிடமொன்று உண்டு. 1833இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில், ஐசாக் பிராங்கிளின் என்ற அடிமை வியாபாரி இறந்தோரின் உடல்களைப் பள்ளத்தில் அரைகுறையாகப் புதைத்தது வெளிப்பட்டது. ஊரார் கொதித்தெழுந்து, அடிமை வியாபாரிகளை நகரெல்லைக்கு வெளியே போகச் செய்தனர். வியாபாரத்தை நிறுத்தும்படி எவரும் கேட்கவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டியவுடனே, இச்சந்தியிலே, கொட்டில்கள் எழுந்தன. வர்ஜீனியாவிலிருந்து கால்நடையாகவும் கப்பல் வழியாகவும் கொண்டுவரப்பட்ட மனிதர், ஒரே மாதிரியான புதிய உடை தரித்து வரிசையில் நிறுத்தப்பட்டனர். பெரும்பாலும் ஏலமின்றி, கடையிற் பேரம் பேசுவது போலவே விற்பனை நடந்தது. தென்மாநிலங்களின் உட்பகுதியில் நியூ ஓர்லியன்ஸுக்கு அடுத்தபடியான பெருஞ்சந்தை இதுவேயாகும். மேலே நாம் கண்ட ஒவ்வொரு மாளிகையின் சமையற்காரியும் தோட்டக்காரனும் இங்கு வந்து நின்றவராகவோ, அவர் பிள்ளைகளாகவோ இருக்கக்கூடும்.

1863இல் வடபுலப் படை ஊரைப் பிடித்த பின்னர், அப்படையிற் சேர்ந்த கறுப்புப் போர்வீரர் கொட்டில்களைப் பிரித்தெடுத்து, அம்மரத்தைக் கொண்டு படைவீட்டுக் குடிசைகள் அமைத்தனர். சுற்றிலும் இத்தனை மனைகளைப் பேணிய ஊரில், அச்சந்தையின் ஒரு பலகைதானும் எஞ்சவில்லை. 2021இல் அந்நிலம் தேசிய வரலாற்றுப் பூங்காவோடு இணைக்கப்பட்டது. சாலையோரத்துப் புல்வெளியும், சில விளக்கப் பலகைகளும், சீமெந்திலே பதிக்கப்பட்ட இரும்பு விலங்குகளுமே அங்கே காணக் கிடைப்பன.